காலை மடக்கி உட்கார்ந்தவருக்கு ஒரு எக்ஸ்பிரஷன் பெடல்: வீணை, சி.வி., மூன்று ரெசிஸ்டர்கள்

சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி ஒரு அக்கா வீணை சொல்லிக்கொடுக்கிறார். தேக்கா பக்கம் ஒரு சிறிய அரங்கில் நாட்டியக் குழு ஒன்றுக்கு அவர் 40 நிமிடம் வாசிக்க வேண்டியிருந்தது. மிருதங்கம் உண்டு, வாய்ப்பாட்டு கிடையாது. வீணையின் நாதம் அரங்கு முழுக்க நின்று மிதக்க வேண்டும் என்று நடனம் அமைத்தவர் கேட்டிருந்தார். அதற்காக அக்கா ஒரு டிலே பெடல், அதாவது எதிரொலி உண்டாக்கும் பெட்டி, வாங்கினார். எதிரொலி நன்றாகவே வந்தது. ஆனால் ஆலாபனைக்கும் தானத்துக்கும் ஜதிக்கும் அதே அளவு எதிரொலிதான்.

இடத்துக்கு இடம் அது கூடிக் குறைய வேண்டுமென்றால், பெடலின் பின்னால் இருக்கும் எக்ஸ்பிரஷன் சாக்கெட்டில் ஒரு மிதிகட்டையை மாட்டி, வாசிக்கும்போதே காலால் அழுத்த வேண்டும். கிட்டார்காரர்கள் நின்றபடி அப்படித்தான் செய்கிறார்கள். கடையில் அக்காவுக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"தம்பி, என் கால் ரெண்டும் மடங்கியிருக்கு. இடது தொடை மேல சுரைக்குடம். இதுல எந்தக் காலை வச்சு மிதிக்கிறது?"

கேள்வி நியாயமானது. இடது கை 24 மெட்டுகளின் மேல் ஓடுகிறது. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நான்கு வாசிப்புத் தந்திகளை மீட்டுகின்றன, சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளை. உடம்பில் சும்மா இருக்கும் உறுப்பு எதுவும் இல்லை. அந்த மிதிகட்டை நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

என் வீட்டில் தனித்தனி மாட்யூல்களை ஒயரால் இணைத்து வாசிக்கும் யூரோராக் வகை சின்ன சிந்தசைசர் பெட்டி ஒன்றும், நாம் வைத்த மின்னழுத்தங்களைப் படிப்படியாக வரிசையில் அனுப்பும் 8 படி சீக்குவென்சர் ஒன்றும் இருந்தன. காலுக்குப் பதிலாக சிந்தசைசரின் கன்ட்ரோல் வோல்டேஜ், அதாவது சி.வி., அந்தச் சாக்கெட்டை ஆட்டட்டும் என்று தோன்றியது. வேலை இரண்டு மாதம் எடுத்தது. நான் செய்த தவறுகளோடு சேர்த்து அதை இங்கே எழுதுகிறேன். ஒயரைச் செருகிப் பார்க்கலாம் என்று நினைக்கும் அடுத்தவருடைய பெடல் கருகிவிடக் கூடாது என்ற அக்கறை எனக்கு நிறையவே இருக்கிறது.

முதல் நாள்: பெடல் செத்துப் பிழைத்தது

சிந்தசைசரில் இருப்பவை 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட்டுகள். பெடலில் இருப்பது 6.35 மில்லிமீட்டர். ஒரு முனை சின்னதும் மறு முனை பெரியதுமாக ஒரு மோனோ கேபிள் கையில் இருந்தது. செருகினேன். பெடலின் திரை அணைந்தது. உருவினேன், அது மறுபடி உயிர் பெற்று முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி செருகினேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை செருகாமல் நிறுத்தியதை நினைத்து இன்றும் நிம்மதிப்படுகிறேன்.

எக்ஸ்பிரஷன் சாக்கெட் என்னவென்று சரியாகத் தெரிந்திருந்தால் முதல் முறையே செருகியிருக்க மாட்டேன். பார்வைக்கு அது ஒரு இன்புட். ஆனால் அது முதலில் மின்னழுத்தத்தை வெளியே கொடுக்கும் இடம், அப்புறம்தான் வாங்கும் இடம். மிதிகட்டைக்குள் பெரும்பாலும் ஒரு வேரியபிள் ரெசிஸ்டர் மட்டும்தான் இருக்கும். பேட்டரி இருக்காது, சர்க்யூட்டும் இருக்காது. டிலே பெடல் ஒரு கம்பியில் 3.3 அல்லது 5 வோல்ட் அனுப்புகிறது. மிதிகட்டையின் ரெசிஸ்டர் அதில் ஒரு பங்கைப் பிரித்து இன்னொரு கம்பியில் திருப்பி அனுப்புகிறது. குதிகால் பக்கம் சாய்த்தால் பூஜ்யம், விரல் பக்கம் சாய்த்தால் முழுப் பங்கு. மூன்றாவது கம்பி கிரவுண்டு. பிளக்கின் நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ். இந்த மூன்றிலும்தான் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

மோனோ பிளக்கில் ரிங் தனியாக இல்லை, அந்த இடம் முழுக்க ஸ்லீவ். அதைச் செருகியதும் பெடல் வெளியே அனுப்பும் 3.3 வோல்ட் நேராக கிரவுண்டில் போய் விழுகிறது. நல்ல வடிவமைப்பில் அந்த வழியில் ஒரு சிறிய ரெசிஸ்டர் காவலுக்கு இருக்கும், ஷார்ட் ஆனாலும் சில மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். அக்காவின் பெடலில் அந்தக் காவல் இல்லை. ரிங்கில் இருந்தது உள்ளே மைக்ரோகன்ட்ரோலரையே ஓட்டும் அதே 3.3 வோல்ட் லைன். நான் பிளக்கைச் செருகியபோதெல்லாம் அதன் மூளைக்கே மின்சாரம் நின்றது.

இது அளந்து தெரிந்துகொண்டது. பெடலைத் திறக்கத் தேவைப்படவில்லை. மூன்று முனை கொண்ட ஸ்டீரியோ பிளக் ஒன்றில் மூன்று ஒயர்களைப் பற்றவைத்து, மறு முனையைத் திறந்து விட்டு, பெடல் அணைந்திருக்கும்போது செருகி, பிறகு ஆன் செய்தேன். மல்டிமீட்டரில் ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் நடுவே 3.28 வோல்ட். இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தேன், 3.28. ஒரு கிலோ ஓம் வைத்தேன், அப்போதும் 3.28. உள்ளே காவல் ரெசிஸ்டர் ஏதாவது இருந்திருந்தால், இந்த அளவுக்கு இழுக்கும்போது எண் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். யார் பெடலிலும் இதைச் செய்யாமல் நான் இப்போது எதையும் செருகுவதில்லை.

இன்னொன்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்: எது டிப், எது ரிங் என்பது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. ரோலண்ட் இ.வி.-5 வகையில் டிப் திரும்பி வரும் பங்கு, ரிங் பெடல் கொடுக்கும் மின்னழுத்தம். யமஹா எஃப்.சி.-7 வகையில் இது தலைகீழ். ரெசிஸ்டரின் அளவும் வேறு, முன்னது 10 கிலோ ஓம், பின்னது 50. இரண்டே கம்பியில் வேலை செய்யும் வகையும் உண்டு. அக்காவின் பெடல் ரோலண்ட் முறை.

இதையெல்லாம் ஆரம்பத்திலேயே யோசித்துச் செய்தவரும் உண்டு. ராபர்ட் மூக் 1960களில் மின்னழுத்தத்தால் கட்டுப்படும் சிந்தசைசரைக் கட்டியவர். 1998-ல் அவர் மூகர்ஃபூகர் பெடல்களைக் கொண்டுவந்தபோது அவற்றின் எக்ஸ்பிரஷன் சாக்கெட்டுகள் மிதிகட்டையையும் ஏற்கும், 0 முதல் 5 வோல்ட் சி.வி.-யையும் ஏற்கும். சிந்தசைசர் செய்தவர் பெடல் செய்ததால் இரண்டு உலகமும் ஒரே சாக்கெட்டில் சந்தித்தன. இன்றும் சில பெடல்களின் கையேட்டில் சி.வி. கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கும். எழுதியிருந்தால் அதன்படி செய்தால் போதும். அக்காவின் பெடல் கையேட்டில் அந்தப் பேச்சே இல்லை.

ரிங்கைத் தொடாமல் விட்டால்

எளிய தீர்வு: ஸ்டீரியோ பிளக்கை எடுத்து, டிப்பில் சி.வி., ஸ்லீவில் கிரவுண்டு, ரிங்கில் எதுவும் பற்றவைக்காமல் விடுவது. பெடல் அனுப்பும் 3.3 வோல்ட் யாரும் கேட்காமல் அப்படியே நிற்கும், டிப்பில் நாம் கொடுப்பதை அது படித்துக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் அடாப்டர்களை வைத்து இதைச் செய்யப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 3.5 மில்லிமீட்டர் பெண் முனையும் 6.35 ஆண் முனையும் கொண்ட ஸ்டீரியோ அடாப்டரில் ஒரு மோனோ ஒயரைச் செருகினால், சின்ன முனையிலேயே ரிங்கும் ஸ்லீவும் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க ஸ்டீரியோ, உள்ளே பழையபடி ஷார்ட். மீட்டரின் பீப் சத்தம் மட்டுமே உண்மையைச் சொல்லும். அதனால் சிம் லிம் டவருக்குப் போய் நல்ல ஸ்டீரியோ பிளக் நான்கும் கொஞ்சம் ஒயரும் வாங்கி வந்து நானே பற்றவைத்தேன். பழைய ஸ்டாக் பிளக்குகளில் இந்த ஊர் ஈரப்பதம் பித்தளையைக் கறுக்க வைத்திருக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் பளபளப்பானதைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

ஒயர் சரியானது, பெடல் அணையவில்லை. ஆனால் சிந்தசைசரை நேராக இணைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை, அது நல்லதுக்குத்தான். மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்த அலையை உண்டாக்கும் யூரோராக் மாட்யூலான எல்.எஃப்.ஓ. ஒன்றின் அலை சாதாரணமாக −5 முதல் +5 வோல்ட் வரை போகும். அந்தப் பெட்டிகள் ±12 வோல்ட்டில் ஓடுபவை, தவறான ஒரு நாபைத் திருப்பினால் 10 வோல்ட்டுக்கு மேலும் வரலாம். டிப்பில் காத்திருப்பதோ 0 முதல் 3.3 வரை மட்டும் எதிர்பார்க்கும் மைக்ரோகன்ட்ரோலரின் கால். அதற்கு வெளியே அரை வோல்ட் போனாலே உள்ளிருக்கும் பாதுகாப்பு டயோடுகள் திறந்துகொள்ளும். சில மில்லி ஆம்பியருக்கு மேல் அவற்றால் தாங்க முடியாது.

அதோடு, கெடாமல் தப்பித்தாலும் பயன் இல்லை. அலையின் பாதி பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறது, அந்த நேரமெல்லாம் பெடல் குதிகால் நிலையில் உறைந்து நிற்கும். மேல் பாதியிலும் 3.3-ஐத் தாண்டியது வெட்டுப்படும். மென்மையான அலை அனுப்பினால், ஆன் ஆஃப் ஸ்விட்ச் போல ஒன்றுதான் கேட்கும்.

மூன்று ரெசிஸ்டர்

10 வோல்ட் அகலத்தை ஏறத்தாழ 3 வோல்ட்டாகச் சுருக்கி, நடுப்புள்ளியை பூஜ்யத்திலிருந்து 1.65 பக்கம் தூக்க வேண்டும். ஆப்-ஆம்ப் வைத்துச் செய்யலாம். மின்னழுத்தத்தைச் சுருக்கவும் திருப்பவும் நகர்த்தவும் செய்யும் அட்டெனுவெர்ட்டர் மாட்யூல் இருந்தால் அதிலேயே செய்யலாம். நான் இரண்டையும் விட்டுவிட்டு மூன்று ரெசிஸ்டரில் முடித்தேன். காரணம், இந்த வழியில் தூக்குவதற்கு வேண்டிய மின்னழுத்தத்தை பெடலே கொடுத்துவிடுகிறது. முதல் நாள் நான் ஷார்ட் செய்த அதே ரிங்தான் இப்போது உதவிக்கு வருகிறது.

சி.வி.-யிலிருந்து டிப்புக்கு 33 கிலோ ஓம். ரிங்கிலிருந்து டிப்புக்கு 20 கிலோ ஓம். டிப்பிலிருந்து ஸ்லீவுக்கு 56 கிலோ ஓம். அவ்வளவுதான். கணக்குப் போட்டால் சி.வி. 0.31 மடங்காகச் சுருங்குகிறது, நடு நிலை 1.68 வோல்ட். −5 கொடுத்தால் டிப்பில் 0.14, +5 கொடுத்தால் 3.22. இரு பக்கமும் கொஞ்சம் இடம் மிச்சம். மேசையில் அளந்தபோது 0.15-ம் 3.20-ம் வந்தன.

தவறுதலாக 12 வோல்ட்டே வந்தாலும் 33 கிலோ ஓம் குறுக்கே இருப்பதால் கால் மில்லி ஆம்பியர் அளவுக்கு மேல் பெடலுக்குள் நுழையாது. சிந்தசைசர் ஆனில் இருந்து பெடல் மட்டும் அணைந்திருக்கும் நேரத்திலும் இதே காவல் உண்டு. என் மனத் திருப்திக்காக டிப்பிலிருந்து ரிங்குக்கும் ஸ்லீவிலிருந்து டிப்புக்கும் ஒரு ஷாட்கி டயோடு சேர்த்தேன். அப்புறம் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவே ஒரு மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். ரெசிஸ்டர் மூன்றும் சேர்ந்து 10 கிலோ ஓம் போல நடப்பதால், இந்தக் கப்பாசிட்டரோடு சுமார் 16 ஹெர்ட்ஸுக்கு மேலான துடிப்பு எல்லாம் அடங்கிவிடும். எக்ஸ்பிரஷன் இன்புட்டைப் பெடல் நொடிக்குக் கொஞ்ச முறைதான் எட்டிப் பார்க்கிறது. அதற்கு மேல் வேகமாக ஆட்டினால் படிக்கட்டு போலக் கரகரப்பு வருமே தவிர, இசை வராது.

இதை மிதிகட்டைபோலவே பெடலுக்கு ஒரு தடவை அறிமுகப்படுத்த வேண்டும். குதிகால் நிலை, விரல் நிலை என்று பெடல் கேட்கும்போது முதலில் −5, அப்புறம் +5 கொடுத்துச் சேமித்தேன். இந்தக் காலிபிரேஷனை விட்டுவிட்டால் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சர்க்யூட்டில் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க நான் தேடியது இதைத்தான்.

மின்னழுத்தத்தை மிடி செய்தியாக, அதாவது இசைக்கருவிகள் தமக்குள் பேசும் டிஜிட்டல் செய்தியாக, மாற்றி அனுப்பும் வழியையும் பார்த்தேன். பாதுகாப்பானது, ஆனால் சாதாரண மிடி கன்ட்ரோல் செய்திக்கு 128 படிகள் மட்டுமே. நீண்ட கார்வையின் மேல் எதிரொலி மெதுவாக ஏறும்போது அந்தப் படிகள் எனக்குக் கேட்டன.

"இது கமகம் இல்லை தம்பி"

பெட்டி தயாரானதும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். எக்ஸ்பிரஷனை டிலே நேரத்துக்கு ஒதுக்கியிருந்தேன். கிட்டாரில் அது அழகாக அலையும். 400 மில்லிசெகண்டை நடுவாக வைத்து 20 மில்லிசெகண்டு மேலும் கீழும், இரண்டு நொடிக்கு ஒரு சுற்று. அக்கா கல்யாணியில் காந்தாரத்தைத் தொட்டு நிறுத்தினார். எதிரொலி வந்தது. வீணையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது கமகம் இல்லை தம்பி. ஸ்ருதி விலகுது."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது அவர் காது எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது. டிலே நேரம் மாறிக்கொண்டிருக்கும்போது எதிரொலியின் ஸ்ருதியும் மாறும், எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு. நான் வைத்திருந்த அளவில் அந்த விலகல் உச்சத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ ஆறு சதவீதம்தான். அக்கா விரலால் தந்தியை இழுத்து ஒரு அசைவை உண்டாக்குகிறார், அதை என் பெட்டி இன்னொரு ஸ்தானம் வரை இழுத்துத் திருப்பிப் பாடுகிறது. தம்புராவின் மேல் இது நிற்காது.

இந்த ஆய்வில் நான் கற்றதில் மிகவும் மதிப்பது இதுதான், சர்க்யூட்டை விடவும். சி.வி. எங்கே போக வேண்டும் என்பதை சங்கீதம்தான் முடிவுசெய்ய வேண்டும். டிலே நேரத்தை 400-லேயே பூட்டிவிட்டோம். எக்ஸ்பிரஷனை எதிரொலியின் அளவுக்கும், திரும்பி வரும் ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்ட்டருக்கும் ஒதுக்கினோம். இரண்டும் ஸ்ருதியைத் தொடாதவை. மெதுவான எல்.எஃப்.ஓ., 20 நொடிக்கு ஒரு சுற்று. ஆலாபனை நடக்கும்போது எதிரொலி கடல் பின்வாங்குவதுபோல விலகி, மறுபடி வந்து சூழ்ந்தது. அன்று அக்கா ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசித்தார். பத்தரை மணி ஆனதும் அடுத்த வீட்டுக்காரர்களை நினைத்து ஸ்பீக்கரை அணைத்தோம்.

காந்தாரத்தில் குறுக்கிட்ட இரைச்சல்

அரங்கில் ஒத்திகை. சிந்தசைசரிலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு ஆதார ஒலியும் மிக்சருக்குப் போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. எல்லாவற்றையும் இணைத்ததும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல், அதன் மேல் சீக்குவென்சர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒரு டிக்.

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிரவுண்டு இரண்டு வழியாகச் சேர்ந்து ஒரு வளையம் உண்டானால் 50-ம் அதன் மடங்கான 100-ம் கேட்கும். அக்காவின் ஸ்ருதி மூன்று கட்டை, அதாவது மேற்கத்திய E. அந்த ஸ்ருதியில் 100 ஹெர்ட்ஸ் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் விழுகிறது, இரண்டிலும் சேராத ஒரு இடத்தில். கல்யாணிக்கு அந்தர காந்தாரம் உயிர். அதற்கு ஏறத்தாழ பாதி ஸ்தானம் கீழே ஓயாமல் ஒருவன் முனகிக்கொண்டிருந்தால் எப்படி வாசிப்பது? இந்த இரைச்சலைச் சகித்துக்கொள்ளலாம் என்று அரங்கில் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வளையம் எங்கே என்று பார்ப்பது எளிது. சிந்தசைசரின் கிரவுண்டு ஆடியோ ஒயர் வழியாக மிக்சருக்குப் போகிறது. அதே கிரவுண்டு சி.வி. ஒயர் வழியாகப் பெடலுக்கும், பெடலிலிருந்து வீணையின் ஆடியோ ஒயர் வழியாக அதே மிக்சருக்கும் போகிறது. வீட்டில் சிந்தசைசரின் ஆடியோவை இணைக்கவே இல்லை, அதனால் அங்கே அமைதி.

மின் பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்துவிட்டால் சரியாகும் என்று அங்கே யோசனை வந்தது. அதை நான் அனுமதிக்கவில்லை, யாரும் எங்கும் செய்யக் கூடாது. 230 வோல்ட் நாட்டில், உலோகத் தந்திகளில் இரண்டு கையும் வைத்து உட்கார்ந்திருப்பவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது. கருவியின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டி.ஐ. பெட்டியை சிந்தசைசரின் ஆடியோ வழியில் வைத்து கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினோம். வளையம் அறுந்தது. இரைச்சல் போயிற்று, டிக் ஒலியும் முக்கால்வாசி போயிற்று.

மிச்சம் கால்வாசிக்காக இரண்டாவது பெட்டி செய்தேன். இங்கே ஒயருக்குப் பதிலாக வெளிச்சம் செய்தி கொண்டுபோகிறது. சி.வி. பக்கத்தில் 2.2 கிலோ ஓம் வழியாக ஒரு சிவப்பு எல்.இ.டி. அதற்கு முகத்துக்கு முகமாக, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் அடைத்து, ஒளி பட்டால் எதிர்ப்பு குறையும் எல்.டி.ஆர். ஒன்று. வாக்ட்ரோல் என்று இதைச் சொல்வார்கள். எல்.டி.ஆர். ரிங்குக்கும் டிப்புக்கும் நடுவே, டிப்பிலிருந்து ஸ்லீவுக்கு 10 கிலோ ஓம். பெடலுக்கு இது நிஜமான மிதிகட்டையாகவே தெரியும், ஏனென்றால் அது பார்ப்பது ரெசிஸ்டரை மட்டும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு கம்பி கூட இல்லை. எதிர்த் திசை மின்னழுத்தம் எல்.இ.டி.-யைக் கெடுக்காமலிருக்க ஒரு சாதாரண டயோடைத் தலைகீழாகப் பக்கத்தில் வைத்தேன். 5 வோல்ட்டில் எல்.டி.ஆர். 1.2 கிலோ ஓம், டிப்பில் 2.95 வோல்ட். இருட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

குறைகள் உண்டு. 1.8 வோல்ட்டுக்குக் கீழே எல்.இ.டி. எரியாது, அதனால் கீழ்ப்பகுதி வீண். வளைவு நேர்கோடு அல்ல. எல்.டி.ஆர். இருளுக்குத் திரும்பவும் நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தாமதம்தான் எங்களுக்கு வரமாக வந்தது. சீக்குவென்சரின் படி சட்டென்று விழுந்தாலும் எதிரொலி மீட்டிய தந்தி அடங்குவதுபோல் தேய்ந்து இறங்குகிறது. படியின் கூர்மையான விளிம்பே இல்லை. அக்கா இதைக் கேட்டதும் முதல் பெட்டியை ஜதிகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஆலாபனைக்கு மட்டும் மூன்று ரெசிஸ்டர், டி.ஐ. பெட்டியின் துணையோடு. ஜதிக்கு வெளிச்சப் பெட்டி.

ஏழு படி

நாட்டியத்தின் நடுப்பகுதி மிஸ்ர சாபு. சீக்குவென்சரின் எட்டுப் படியில் கடைசியைத் தாண்டச் செய்தால் ஏழு. தகிட தகதிமி என்று மூன்றும் நான்கும். முதல் படி 5 வோல்ட், நான்காவது 4, மற்றவை 2-க்கும் 3-க்கும் இடையில். எதிரொலி முதல் அடியில் மலர்ந்து, தகதிமியின் தொடக்கத்தில் மறுபடி கொஞ்சம் மலரும்.

ஆனால் நாட்டியத்தில் காலப்பிரமாணம் உயிருள்ளது. ஆடுபவரின் மூச்சுக்கு மிருதங்கம் இடம் கொடுக்கும், வீணை அதோடு போகும், சீக்குவென்சரின் சொந்தக் கடிகாரம் போகாது. மூன்றாவது ஒத்திகையில் ஏழாவது ஆவர்த்தனத்துக்குள் பெட்டி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அதனால் உள் கடிகாரத்தை நிறுத்தி, ஒரு பொத்தானும் பேட்டரியும் வைத்து வெளியிலிருந்து துடிப்பு கொடுக்க ஏற்பாடு செய்தேன். பொத்தானின் உள்ளே உலோகம் துள்ளுவதால் ஒரு அழுத்தலுக்கு இரண்டு படி போனது, 10 கிலோ ஓமும் ஒரு மைக்ரோஃபாரடும் சேர்த்ததும் அடங்கிற்று. நிகழ்ச்சியன்று அக்காவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போடுவதுபோல அந்தப் பொத்தானை நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் ஒரு எண்ணிக்கை பிசகினேன், அடுத்த சமத்தில் ரீசெட் அழுத்திச் சேர்ந்துகொண்டேன். மிருதங்கக்காரர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரங்கின் ஏர்கானில் தந்திகள் ஸ்ருதி மாறி, அக்கா இரண்டு முறை பிரடையைத் திருக வேண்டியிருந்தது. பெட்டிகள் இரண்டும் 40 நிமிடமும் ஒரு இரைச்சலும் இல்லாமல் நின்றன.

பெட்டிகளின் மூடியில் அடையாளம் எழுதி ஒட்டியிருக்கிறேன்: எந்தப் பெடலுக்கு அளந்தது, ரிங்கில் எத்தனை வோல்ட், பிளக்கைச் செருகிய பிறகே பெடலை ஆன் செய்ய வேண்டும் என்பது. பிளக் உள்ளே நழுவும்போது ஒரு கணம் டிப்பும் ரிங்கும் தவறான இடத்தைத் தொட்டுச் செல்வதால் கடைசி வரி.

அக்கா இப்போது வேறொன்று கேட்கிறார். பொத்தானைத் தட்ட ஆள் எதற்கு, தன் சுண்டுவிரல் தாளத் தந்தியில் ஏற்கெனவே தாளம் போட்டுக்கொண்டுதானே இருக்கிறது, அதையே கடிகாரமாக எடுக்க முடியாதா என்று. தாளத் தந்திகளின் சிறிய பக்கக் குதிரையில், அதிர்வை மின்னழுத்தமாக்கும் ஒரு பீஸோவை மெழுகால் ஒட்டிப் பார்த்தோம். சுண்டுவிரல் அடி தெளிவாக வருகிறது. ஆனால் வாசிப்புத் தந்தியில் பலமாக ஒரு மீட்டு விழுந்தாலும் அதையும் அடி என்று எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு பலமான அடியை மட்டும் துடிப்பாக எடுப்பது என்று முடிவுசெய்யும் கம்பாரேட்டரின் எல்லையை எங்கே வைப்பது என்று இந்த வாரம் அளந்துகொண்டிருக்கிறேன்.